ஆணா பெட்டையா? கொஞ்சம் பொறுங்கோ, கிளியே சொல்லும்

வட்ஸ்அப்ல எனக்கு வாற கிளிப் படங்களுக்குக் கீழ அநேகமா ஒரே கேள்விதான் இருக்கும், "அண்ணா இது ஆணா பெட்டையா?" படத்தில நிக்கிறது இன்னும் ஒழுங்காப் பறக்கப் பழகாத குஞ்சு, நெத்தி முழுக்கக் கோடு, கண் முழுக் கறுப்பு, கடையில இருந்து கொண்டுவந்து கூட்டுக்குள்ள விட்ட களைப்புக்கூட அதுக்கு ஆறியிருக்காது. நான் பதில் போட முதலே அடுத்த மெசேஜும் வந்திடும், "முட்டி எப்ப கட்டலாம் அண்ணா?" முட்டி எண்டது கிளி முட்டை இடுறதுக்குக் கூட்டுக்குள்ள கட்டுற மண்பானை, இந்த ரெண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை. குஞ்சிலயே ஆணா பெண்ணா எண்டு தெரியவேணும் எண்ட அவசரம் எங்க இருந்து வருதெண்டு பாத்தா, கெதியா முட்டை இட வைக்கவேணும், கெதியா குஞ்சு எடுக்கவேணும் எண்ட இடத்தில இருந்துதான் வருது. கிளி ஆசை நல்ல ஆசை, எனக்கும் சின்ன வயசில இருந்து அதுதான் உலகம். ஆனா இந்த அவசரத்துக்கு விலை குடுக்கிறது நாங்க இல்ல, அந்தப் பெட்டைக் கிளிதான், முட்டை உள்ளுக்க சிக்கி கூட்டுக்கு அடியில ஒடுங்கிப்போய் இருக்கிற ஒரு இளம் கிளியைக் கையில எடுத்துப் பாத்த ஆருக்கும் இது விளங்கும்.

முதல்லயே ஒண்டு சொல்லிடுறன், மிச்சமெல்லாம் அதைச் சுத்தித்தான் வரப்போகுது. நாங்க வீட்டில வளர்க்கிற கிளிகள்ல அநேகமானது, தான் ஆணா பெட்டையா எண்டு காட்டுற வயசு முதல்ல வரும், குஞ்சு பொரிக்கத் தகுதியான வயசு அதுக்குப் பிறகுதான் வரும். பட்ஜி, கடையில சும்மா லவ் பேர்ட்ஸ் எண்டு கேட்டா எடுத்துத் தாற அந்தச் சின்னக் கிளி, 4, 5 மாசத்தில தெளிவாக் காட்டிடும், ஆனா சோடி போட குறைஞ்சது 10 மாசம், ஒரு வருசம் பொறுத்தா இன்னும் நல்லம். தலையில கொண்டை உள்ள கொக்கட்டீல் 6 மாசம் தாண்டி முதல் இறகு உதிர்த்து முடியேக்க காட்டும், சோடி போட ஒண்டரை வருசம் ஆகவேணும். பச்சைக்கிளி கழுத்தில ஆரம் போடவே ரெண்டு மூண்டு வருசம், அது குஞ்சு பொரிக்கிற வயசும் கிட்டத்தட்ட அதேதான். அப்ப ஒழுங்காப் பொறுக்கிற ஆளுக்கு ஊகிக்கிற வேலையே இல்ல. இதுக்கு வெளிய நிக்கிறது ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், அதுக்கு வேற வழி இருக்கு, பிறகு சொல்லுறன்.

பட்ஜியில இருந்து தொடங்குவம். அவுஸ்திரேலியாவின்ட காஞ்ச உள்நாட்டில கூட்டம் கூட்டமா அலையுற பறவை, 1840ல ஜோன் கூல்ட் எண்ட பறவை ஆராய்ச்சிக்காரர் உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதுக்குப் பிறகுதான் வீட்டுக் கூட்டுக்குள்ள பரவினது. இதில பாக்கவேண்டிய இடம் சொண்டுக்கு மேல மூக்கு ஓட்டை ரெண்டும் இருக்கிற அந்தச் சதை. வளந்த ஆணுக்கு அது நல்ல நீலம், பெட்டைக்கு மண்ணிறம், இது எல்லாருக்கும் தெரியும். குஞ்சில அப்பிடி இல்ல. குஞ்சு ஆணுக்கு அந்தச் சதை முழுக்க ஒரே சீரா ரோஸ் இல்லாட்டி ஊதா கலந்த ரோஸ். குஞ்சுப் பெட்டைக்கு வெளிறின ரோஸாவும் இருக்கலாம், வெளிறின நீலமாவும் இருக்கலாம், ஆனா மூக்கு ஓட்டை ரெண்டையும் சுத்தி சுண்ணாம்பு நிறத்தில ஒரு வளையம் இருக்கும். எங்கட ஆக்கள் ஏமாறுறது இந்த இடத்திலதான், நீலம் எண்டா ஆண் எண்டு மனசில பதிஞ்சு போனதால ரெண்டு மாசக் குஞ்சில வெளிறின நீலத்தைக் கண்டவுடனே ஆண் எண்டு வாங்கிக்கொண்டு போறது, நாலு மாசம் போக அது மண்ணிறமா மாறி நிக்கும். நீலத்தைப் பாக்காதேங்கோ, ஓட்டையைச் சுத்தின வெள்ளையைப் பாருங்கோ. வெள்ளை வளையம் இருந்தா பெட்டை.

படம் அனுப்புறதெண்டாலும் வெளிச்சமான நேரத்தில, வெயில் நேர படாத இடத்தில, பிளாஷ் போடாம, மூக்கு நேர தெரியிற மாதிரி எடுத்து அனுப்புங்கோ. டியூப் லைட்டுக்குக் கீழ எடுத்தா ரோஸும் நீலமும் ஒண்டாத்தான் தெரியும், பிறகு நான் சொல்லுறதிலயும் ஒரு நம்பிக்கை இருக்காது. வயசு எவ்வளவு எண்டு கடைக்காரர் சொல்லுறதைவிட கிளியின்ட நெத்தியை நம்பலாம், சாதாரண நிறத்துக் கிளி எண்டா மூக்குச் சதை வரைக்கும் கோடு ஓடியிருக்கும், 3, 4 மாசத்தில முதல் இறகு உதிர்த்த பிறகு நெத்தி வெளிச்சிடும். கண்ணில வெள்ளை வளையம் விழுறது அதுக்கும் பிறகுதான்.

நிறம் மாறின கிளியள் வந்தா இந்தக் கணக்கில கொஞ்சம் மாத்தம் இருக்கு. லூட்டினோ, அதாவது முழு மஞ்சளும் சிவப்புக் கண்ணும், அல்பினோ, முழு வெள்ளையும் சிவப்புக் கண்ணும், பிறகு ரிசெசிவ் பைட் எண்ட புள்ளி புள்ளியா நிறம் சிதறின வகை, இதுகள்ல ஆணுக்கு மூக்கு நீலமாகவே மாறாது, எவ்வளவு வயசு போனாலும் குஞ்சு மாதிரி ரோஸாவேதான் இருக்கும். "ரெண்டு வருசமாச்சு இன்னும் நீலம் வரேல்ல, அப்ப பெட்டைதானே" எண்டு அல்பினோ ஆணுக்கு இன்னொரு ஆணைச் சோடி போட்டு வைச்சிருக்கிற வீடுகள் இருக்கு. இன்னொரு விசயமும் இதோட சேத்துச் சொல்லவேணும், நல்ல நீல மூக்கோட இருந்த வயசான ஆண் ஒண்டுக்கு மூக்கு மண்ணிறமா மாறத் தொடங்கினா அது பெட்டையா மாறேல்ல, உள்ளுக்க விதையில கட்டி வந்திருக்கலாம், தாமதிக்காம மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்கோ.

கடையள்ல கிளியை மல்லாத்திப் பிடிச்சு வயித்துக்குக் கீழ விரலால எலும்பைத் தடவிப் பாத்து, இடைவெளி இருந்தா பெட்டை, ஒட்டி இருந்தா ஆண் எண்டு சொல்லுவினம். முட்டை இடப்போற வளந்த பெட்டைக்கு அந்த எலும்பு விரியிறது உண்மைதான். ஆனா குஞ்சுக்கு அது எல்லாத்துக்கும் ஒட்டித்தான் இருக்கும், இன்னும் முட்டை இடாத இளம் பெட்டைக்கும் அப்பிடித்தான். அதால அந்த முறையில குஞ்சுக்குச் சொல்லுற பதில் நாணயம் சுண்டிப் போட்டுச் சொல்லுற பதில்தான். நூலில மோதிரம் கட்டி கிளிக்கு மேல ஆட்டிப் பாக்கிற ஆக்களும் இருக்கினம், அதில ஒண்டுமே இல்ல, கிளி பயப்படுறது மட்டும்தான் மிச்சம். தலை பெருசு எண்டா ஆண், கொத்தினா பெட்டை எண்டு சொல்லுறதெல்லாம் வளந்த ஒரு கூட்டத்தைப் பொதுவாப் பாத்துச் சொல்லுற கதை, கையில இருக்கிற ஒரு குஞ்சுக்குப் பொருந்தும் எண்டு இல்ல.

கொக்கட்டீல் குஞ்சுகள் எல்லாம் தாய் மாதிரித்தான் இருக்கும், ஆணும் அப்பிடித்தான். மங்கின முகம், வாலுக்குக் கீழ்ப்பக்கம் மஞ்சளும் சாம்பலுமா குறுக்குக் கோடு, செட்டையை விரிச்சா உள்பக்கம் வட்ட வட்டப் புள்ளி. 6 மாசத்தில இருந்து ஒரு வருசத்துக்குள்ள இறகு உதிர்த்து முளைக்கேக்க ஆணுக்கு முகம் நல்ல மஞ்சளாத் தெளிஞ்சு வரும், வாலில கோடு மறையும், செட்டைப் புள்ளியும் போயிடும், பெட்டைக்கு எல்லாம் அப்பிடியே நிக்கும். பேர்ள் எண்ட முத்துப் புள்ளி வகையில இன்னும் லேசு, ஆணுக்கு அந்த முத்துக்கள் அழிஞ்சு போகும், பெட்டைக்கு நிக்கும் (நிறத்துக்காக பேர்ள் ஆண் வாங்குற ஆக்களுக்கு இதை விக்கிறவர் முதல்லயே சொல்லவேணும், சொல்லுறதில்ல). லூட்டினோ கொக்கட்டீலில கோடு மஞ்சளில மஞ்சளா இருக்கிறதால வாலை வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு உத்துப் பாக்கவேணும். பைட் வகைக்கு இறகைப் பாத்துச் சொல்லவே ஏலாது. சத்தம் ஒரு நல்ல துப்பு, ஆண் குஞ்சு ரெண்டு மூண்டு மாசத்திலயே விசில் அடிச்சுப் பழகத் தொடங்கும், சொண்டால தட்டிச் சத்தம் போடும், செட்டையைத் தோளில இருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடக்கும். துப்பு எண்டுதான் சொல்லுறன், தீர்ப்பு எண்டு இல்ல.

இனி ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ். பீச் ஃபேஸ், ஃபிஷர், மாஸ்க் இந்த மூண்டும்தான் எங்கட திருகோணமலைப் பக்கம் கூட இருக்கு, மூண்டிலயும் ஆணும் பெட்டையும் வெளியால பாக்க ஒண்டுதான், குஞ்சிலயும் ஒண்டு, பத்து வயசிலயும் ஒண்டு. ரெண்டு பெட்டையை ஒரு கூட்டில விட்டா சோடி மாதிரியே ஒட்டி இருக்கும், ஒண்டுக்கொண்டு ஊட்டும், ரெண்டும் பெட்டிக்குள்ள போய் முட்டையும் இடும். வழமையா 4, 5, 6 முட்டை வாற இடத்தில 8, 10 எண்டு கிடந்து ஒண்டுமே பொரிக்காட்டி ரெண்டும் பெட்டை எண்டு சந்தேகப்படவேணும். பீச் ஃபேஸ் பெட்டை கடதாசியை, ஓலையை நீட்டு நீட்டாக் கிழிச்சு முதுகுக்குக் கீழ இறகுக்குள்ள செருகிக்கொண்டு கூட்டுக்குப் போகும், பாக்க அவ்வளவு வடிவு, ஆனா அதுவும் வளந்த பிறகுதான், சில ஆணும் அதை முயற்சி செய்து பாக்கும். இதுக்கெல்லாம் மண்டையைக் குழப்பாம டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கிறதுதான் நம்பக்கூடிய வழி.

டிஎன்ஏ டெஸ்ட் எண்டவுடனே பெரிய விசயம் எண்டு பயப்படத் தேவையில்ல. பறவையில ஆணுக்கு இசட் இசட் எண்டு ஒரே மாதிரி ரெண்டு குரோமோசோம், பெட்டைக்கு இசட் டபிள்யூ. மனிசரில பிள்ளை ஆணா பெண்ணா எண்டு தீர்மானிக்கிறது தகப்பன்ட பக்கம், பறவையில அது தாயின்ட பக்கம். சிஎச்டி எண்ட ஒரு மரபணு இசட்டிலயும் இருக்கு டபிள்யூவிலயும் இருக்கு, ஆனா ரெண்டிலயும் நீளம் கொஞ்சம் வித்தியாசம், லாப்பில அந்தத் துண்டைப் பெருக்கிப் பாத்தா ஆணுக்கு ஒரு கோடு விழும், பெட்டைக்கு ரெண்டு கோடு. 1998ல ரிச்சர்ட் கிரிஃபித்ஸும் கூட இருந்தவையளும் இந்த முறையை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்க இதுதான் வழக்கம், அதுக்கு முதல் மயக்கமருந்து குடுத்து வயித்தில சின்ன ஓட்டை போட்டு உள்ளுக்க பாத்துத்தான் சொல்லுறது. இப்ப நெஞ்சில இருந்து நாலைஞ்சு சின்ன இறகு புதுசாப் பிடுங்கி, வேர்ப் பக்கத்தில கை படாம, ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனிக் கவரில போட்டு அனுப்பினாக் காணும். கூட்டுக்கு அடியில உதிர்ந்து கிடக்கிற இறகு சரிவராது, அது எந்தக் கிளியின்ட எண்டும் தெரியாது, வேரில உயிர்க்கலமும் காணாது. எந்த லாப் எண்டு உங்கட மிருக வைத்தியரிட்ட கேளுங்கோ. இறகு முளைச்ச குஞ்சுக்கே இது போதும், வயசு ஒரு பிரச்சினையே இல்ல.

ஒரு சதமும் செலவில்லாம, முட்டையில இருந்து வந்த கையோடயே ஆணா பெட்டையா எண்டு சொல்லக்கூடிய ஒரு வழியும் இருக்கு, எனக்கு இந்த முழு விசயத்திலயும் ஆகப் பிடிச்சது இதுதான். லூட்டினோ நிறத்துக்குரிய மரபணு பட்ஜியிலயும் கொக்கட்டீலிலயும் பீச் ஃபேஸிலயும் பச்சைக்கிளியிலயும் இசட் குரோமோசோமில இருக்கு. பெட்டைக்கு ஒரே ஒரு இசட், அது தகப்பனிட்ட இருந்து வாறது. அப்ப தகப்பன் லூட்டினோவா இருந்து தாய் சாதாரண பச்சையா (கொக்கட்டீல் எண்டா சாதாரண சாம்பலா) இருந்தா, பெண் குஞ்சுக்குத் தகப்பன்ட லூட்டினோ மட்டும்தான் கிடைக்கும், அதை மறைக்க வேற இசட் இல்ல, அதால எல்லாப் பெட்டையும் லூட்டினோ. ஆண் குஞ்சுக்குத் தாயிட்ட இருந்து ஒரு சாதாரண இசட்டும் வாறதால எல்லா ஆணும் பச்சை, ஆனா உள்ளுக்க லூட்டினோவைக் காவிக்கொண்டு இருக்கும், அதைத்தான் ஸ்ப்ளிட் எண்டு சொல்லுறது. பொரிச்ச குஞ்சுக்கு இன்னும் கண் திறக்காட்டியும் தோலுக்குள்ளால கண் சிவப்பாத் தெரிஞ்சா பெட்டை, கறுப்பாத் தெரிஞ்சா ஆண். மாத்திப் போட்டா, அதாவது லூட்டினோவைக் காவாத பச்சை ஆணும் லூட்டினோ பெட்டையும் எண்டா, குஞ்சு எல்லாம் பச்சையாத்தான் வரும், ஒண்டும் சொல்ல ஏலாது. இதில இருந்து வாங்குற ஆக்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கு, ஆராவது "இது ஸ்ப்ளிட் லூட்டினோ பெட்டை" எண்டு பட்ஜியையோ கொக்கட்டீலையோ கூட விலைக்கு வித்தா நம்பாதேங்கோ, பெட்டைக்கு ஒரு இசட்தான், ஒண்டில் லூட்டினோ, இல்லாட்டி இல்ல, ஒளிச்சு வைக்க இடமில்ல. ஃபிஷர், மாஸ்க் ரெண்டிலயும் லூட்டினோ பரம்பரை வழமையா வேற மாதிரி நடக்கிறதால இந்தக் கணக்கை அங்க கொண்டுபோய்ப் போடவேண்டாம்.

பச்சைக்கிளியைப் பற்றிக் கேக்கிறவைக்கு என்ட பதில் கொஞ்சம் கடுமையா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. தம்பலகாமம் வயல் பக்கம் போனா கூட்டமா வந்து கதிரில இறங்குற அந்தக் கிளியள்ட குஞ்சைப் பொந்தில இருந்து எடுத்துக்கொண்டு வந்து "இது ஆணா, பேசுமா" எண்டு கேக்கினம். ஆணுக்குக் கழுத்தில கறுப்பும் ரோஸுமா ஆரம் விழ ரெண்டு மூண்டு வருசம் போகும், அதுவரைக்கும் ரெண்டும் ஒண்டுதான், பதில் அவ்வளவுதான். ஆனா அந்தக் குஞ்சை ஏன் எடுத்தீங்க? கிளி தானா மரத்தைக் குடையிறது குறைவு, மரங்கொத்தி, குக்குறுவான் விட்டுப்போன பொந்தைத்தான் பெருப்பிச்சு எடுக்கும், குஞ்சு எடுக்கிறதுக்காகப் பட்ட பனையை வெட்டி விழுத்தினா அந்த வருசக் குஞ்சு மட்டுமில்ல, வரப்போற வருசங்களுக்கான வீடும் போச்சு. தோளில சிவப்புப் பட்டையோட இருக்கிற பெரிய பச்சைக்கிளி உலக அளவில அச்சுறுத்தலை நெருங்கின இனம் எண்டு பட்டியல்ல இருக்கு, அதைப் பிடிக்கிறதும் கூட்டில வைக்கிறதும் சட்டப்படி குற்றம். கூட்டில பிறந்து வளர்ந்த கிளி எவ்வளவோ இருக்கேக்க காட்டில கை வைக்கத் தேவையே இல்ல. உலகத்தில கிளி இனம் கிட்டத்தட்ட எல்லாமே சைட்டிஸ் எண்ட, காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தத்தின்ட பட்டியல்ல இருக்கு, அதுக்கு வெளிய நிக்கிறது பட்ஜி, கொக்கட்டீல், பீச் ஃபேஸ், ஆரம் போடுற இந்தப் பச்சைக்கிளி இந்த நாலும்தான். ஆப்பிரிக்கன் கிரே எண்ட சாம்பல் நிறக் கிளி 2016ல ஆகக் கடுமையான முதலாம் பட்டியலுக்குப் போயிட்டுது, ஆராவது மலிவாத் தாறன் எண்டா முதல்ல பேப்பரைக் கேளுங்கோ.

சரி, இப்ப ஆணும் பெட்டையும் தெரிஞ்சாச்சு. உடனே பெட்டி தொங்கவிடலாமா? கடையில சோடி எண்டு வாங்கினது அநேகமா ஒரே கூட்டில பொரிச்ச சகோதரங்கள், நிறம் ஒண்டா இருக்கு, வடிவா இருக்கு எண்டு எடுத்திருப்பீங்க. அதுகளைச் சோடி போட்டா குஞ்சு வரும்தான், ஆனா ஒளிஞ்சு கிடக்கிற குறை எல்லாம் ஒண்டா வெளிய வரும். லூட்டினோ கொக்கட்டீலைத் திரும்பத் திரும்ப லூட்டினோவோடயே போட்டதால கொண்டைக்குப் பின்னால வழுக்கை விழுற பரம்பரையே உருவாகிப்போச்சு, இது கண்ணால காணக்கூடிய உதாரணம். வேற வேற இடத்தில வாங்குங்கோ. பீச் ஃபேஸையும் ஃபிஷரையும் சேத்துப் போடாதேங்கோ, அதில வாற குஞ்சு மலடு. ஃபிஷரும் மாஸ்க்கும் சேந்தா குஞ்சு மலடில்ல, அதுதான் இன்னும் பிரச்சினை, கலப்பு மேல கலப்பாப் போய்ச் சுத்தமான ரெண்டு இனமும் எங்கட கூடுகள்ல இல்லாமப் போகுது.

காலத்தையும் பாக்கவேணும். எங்கட திருகோணமலையில மாரி ஐப்பசியில தொடங்கித் தை வரைக்கும் இழுக்கும், ஈரத்தில விதையில பூஞ்சணம் பிடிக்கும், பெட்டிக்குள்ள குஞ்சுக்குக் குளிர் ஏறும். பிறகு வைகாசிக்குப் பின்னால கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா தகரக் கூரைக்குக் கீழ தொங்குற பெட்டி அடுப்புத்தான், குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். நான் தைப்பொங்கலுக்குப் பிறகு மழை ஓஞ்சதும் பெட்டி போட்டு, சித்திரை கடைசியில எடுத்திடுவன். மழைக்குப் பிறகு புல்லு விதை பிடிக்கேக்க குஞ்சு பொரிக்கிறது பட்ஜிக்கு அதின்ட சொந்த நாட்டிலயும் வழக்கம்தான். கூரைக்கு மேல கிடுகு போட்டு காலையில தண்ணி தெளிச்சு விட்டா நல்ல வித்தியாசம் தெரியும். கூடு நிக்கிற கால்களைத் தண்ணி ஊத்தின டின்னுக்குள்ள வைங்கோ, எறும்பு ஏறினா பொரிச்ச குஞ்சு ஒரு ராவிலயே போயிடும். சாரை, எலி எல்லாத்துக்கும் சின்னக் கண் வலைதான் மருந்து.

கல்சியம் இல்லாம ஒரு பெட்டையையும் முட்டை இட விடாதேங்கோ, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். எங்களுக்கு இது காசில்லாமக் கிடைக்குது, நிலாவெளி, சல்லி, உப்புவெளிக் கரையில கணவாய் ஓடு ஒதுங்கும், எடுத்து நாலைஞ்சு நாள் நல்ல தண்ணியில ஊறப்போட்டு ஒவ்வொரு நாளும் தண்ணியை மாத்தி உப்பை எடுத்து, வெயில்ல நல்லாக் காயவைச்சுக் கூட்டில கட்டிவிடுங்கோ. கல்சியம் உடம்பில சேர விற்றமின் டி வேணும், அதுக்குக் காலை இளவெயில் படவேணும், வீட்டுக்குள்ள இருட்டு மூலையில கூட்டை வைச்சுக்கொண்டு கணவாய் ஓடு மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்ல. தினை, சாமை, குரக்கன் அடிப்படை, அதோட முருங்கை இலை, பொன்னாங்காணி, முளைகட்டின பயறு, அவிச்ச முட்டை. சூரியகாந்தி விதையைக் கொட்டி வைச்சா கொழுத்துப்போய் அதுவே முட்டை சிக்கக் காரணமாகும். ஆனைக்கொய்யா (அவகாடோ) கிளிக்கு நஞ்சு, ஒரு துண்டும் வேண்டாம். பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டுக்கு அடியில இருந்து வாலை ஆட்டி ஆட்டி முக்கினா முட்டை சிக்கியிருக்கு எண்டு எடுங்கோ, இளஞ்சூடான, கொஞ்சம் ஈரப்பதமான இடத்தில வைச்சுக்கொண்டு உடனே வைத்தியரைப் பிடியுங்கோ, கையால அமத்தி எடுக்கப் போகாதேங்கோ, உள்ளுக்க முட்டை உடைஞ்சா கிளி தப்பாது.

முட்டியா பெட்டியா எண்டு கேட்டா முட்டி குளிர்மைதான், ஆனா உள்ளுக்க என்ன நடக்குதெண்டு பாக்க ஏலாது, அதால என்ட தெரிவு மரப்பெட்டி, நடுவில குழி உள்ள அடிப்பலகை, கொஞ்சம் மரச்சீவல். வழுக்குற தட்டைப் பலகையில வளர்ற குஞ்சுக்குக் கால் ரெண்டும் விரிஞ்சு போகும். பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை இடும், கிட்டத்தட்ட 18 நாளில பொரிக்கும், முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு கிழமைக்கு மேல வித்தியாசம் வாறதால கடைசி நசிபட்டுப் போகும், ஒவ்வொரு நாளும் ஒருக்கா எட்டிப் பாக்கவேணும். ஒரு கிழமை போன முட்டைக்கு ஃபோன் டோர்ச் பிடிச்சா நரம்பு ஓடுறது தெரியும். குஞ்சு பிடிக்காத முட்டையை அவசரப்பட்டு எடுக்காதேங்கோ, எடுத்தா அவ அடுத்த முட்டையை இடத் தொடங்குவா, தானா விட்டு எழும்புறவரைக்கும் விடுங்கோ. உங்களுக்குக் குஞ்சு வேண்டாம் எண்டா முட்டையை அவிச்சு ஆறவைச்சுத் திருப்பி வைக்கலாம், அவ அடைகாத்துக் களைச்சு விட்டிடுவா, ஆருக்கும் நோவில்ல. வருசத்துக்கு ரெண்டு தடவை, அதுக்கு மேல பெட்டி போடவேண்டாம். பெரிய கூட்டில கூட்டமா வளர்த்தா ஆணும் பெட்டையும் சரிசமன், பெட்டி சோடியைவிடக் கூட இருக்கவேணும், தனிப் பெட்டை ஒண்டு இருந்தா மற்றப் பெட்டிக்குள்ள புகுந்து குஞ்சைக் கொல்லும். ஆணா பெட்டையா எண்டு சரியாத் தெரியிறது உண்மையிலயே தேவைப்படுற இடம் இதுதான்.

கையால ஊட்டினாத்தான் பழகும் எண்டு கண் திறந்து கொஞ்ச நாள்ல குஞ்சைப் பிரிச்சு விக்கிறது இப்ப கூடிப்போச்சு. ஊட்டுற கஞ்சி 39க்கும் 41 பாகைக்கும் இடையில இருக்கவேணும், சூடு கூடினா தொண்டைப் பை வெந்துபோகும், குறைஞ்சா உள்ளுக்க புளிச்சுப் போகும். பழக்கமில்லாத கையில இது வேண்டாத வேலை. பட்ஜி எண்டா 6 கிழமை, கொக்கட்டீல் எண்டா 8, 10 கிழமை, தானாக் கொறிச்சுச் சாப்பிடுற குஞ்சை வாங்கி ஒவ்வொரு நாளும் பக்கத்தில இருந்து கதைச்சாலே அது தோளில ஏறும். புதுசா வாறதை ஒரு மாசமாவது மற்றதுகளோட சேக்காம வேற அறையில வைங்கோ, இறகையும் சொண்டையும் அழிக்கிற பிபிஎஃப்டி எண்ட வைரசுக்கு மருந்தே இல்ல, டிஎன்ஏக்கு இறகு அனுப்பேக்க அதையும் சேத்துப் பாக்கச் சொல்லலாம். வீட்டில ஆருக்கும் விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தா வீட்டில கிளி இருக்கெண்டு டொக்டருக்கு மறக்காமச் சொல்லுங்கோ, கிளியிட்ட இருந்து மனிசருக்குத் தொத்துற சிட்டகோசிஸ் எண்ட வருத்தம் இருக்கு, தெரிஞ்சா மருந்து இருக்கு.

பெட்டி போட முதல் குஞ்சு எங்க போகப்போகுது எண்டதுக்கு உங்களிட்ட பதில் இருக்கவேணும். விலைபோகாத பட்ஜியைத் திறந்து பறக்க விடுறது விடுதலை இல்ல, எங்க தண்ணி, எங்க சாப்பாடு எண்டு தெரியாமக் காகத்துக்கு இரையாகும். நான் பொரிச்சுப் பத்து நாளுக்குள்ள காலில ரிங் போடுவன், கொப்பியில தாய் தகப்பன் நிறம், ரிங் நம்பர், பொரிச்ச திகதி எழுதி வைப்பன், குஞ்சு குடுக்கேக்க அதே விபரத்தை ஒரு துண்டில எழுதிக் குடுப்பன். ஆண், பெட்டை எண்டு சும்மா எழுதுறதில்ல, டிஎன்ஏயில தெரிஞ்சதா, தாய் தகப்பன் நிறத்தால தெரிஞ்சதா, இல்ல என்ட கணிப்பு மட்டுமா எண்டும் சேத்து எழுதுவன், கணிப்பு எண்டா கணிப்பு எண்டே இருக்கும். ஒரே கூட்டில பொரிச்ச ரெண்டைச் சோடியாத் தாங்கோ எண்டு கேட்டா ஒண்டைத்தான் குடுப்பன், மற்றதை கிண்ணியாவிலயோ மூதூரிலயோ வேற ஆக்களிட்ட போய்ப் பாத்து எடுக்கச் சொல்லுவன், அவையளிட்ட போகேக்க இந்தத் துண்டையும் கொண்டுபோகச் சொல்லுவன்.